சேட்டை எந்த பீரியடில் வருகிறது?

வேலூர் பக்கம் குடியாத்தமோ, பேரணாம்பட்டோ, அணைக்கட்டோ, எந்த ஒன்றியத்துப் பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே ஸ்டாஃப் ரூமில் ஒரு பட்டியல் காதில் விழுந்துவிடும். "மூணாவது பெஞ்ச் பையன்கிட்ட ஜாக்கிரதையா இருங்க, சரியான வாலு." "அந்தப் பொண்ணுக்கு இன்னா சொன்னாலும் ஏறாது டீச்சர், விட்டுருங்க." "அவங்க அண்ணனும் இப்படித்தான், எட்டாவதோட நின்னுட்டான்." சொல்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, புதுசாக வந்தவருக்கு உதவி செய்கிறோம் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டியலைக் கவனித்தால் இரண்டே வகைதான் இருக்கும். படிப்பு வராதவர்கள், அடங்காதவர்கள். கற்றல் சிக்கல் என்றும் நடத்தைச் சிக்கல் என்றும் பயிற்சி வகுப்புகளில் இதையே தனித்தனிப் பாடமாக நடத்துவார்கள்.

வகுப்புக்குள் போய்ப் பார்த்தால் இரண்டும் அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. நாம் சேட்டை என்று சொல்வதில் பெரும்பகுதி, பிள்ளையால் செய்ய முடியாத ஏதோ ஒரு வேலையிலிருந்து அது கண்டுபிடித்த தப்பிக்கும் வழி என்பது என் கருத்து. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான் என்று வையுங்கள். அவனை எழுப்பிப் படிக்கச் சொன்னால் அவனுக்கு முன்னால் இருப்பது இரண்டே வழி, நாற்பது பேர் முன்னால் தத்தி என்று பெயர் வாங்குவது, இல்லாவிட்டால் வாலு என்று பெயர் வாங்குவது. கொஞ்சம் மானம் உள்ள எந்தப் பையனும் இரண்டாவதைத்தான் எடுப்பான். அதனால் "இவன் ஏன் இப்படி இருக்கிறான்" என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வதற்கு முன்னால், "இவன் எப்போது இப்படி இருக்கிறான்" என்று பாருங்கள். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல டாக்டர் வேண்டியிருக்கலாம், இரண்டாவதற்குப் பதில் உங்கள் கண் முன்னாலேயே இருக்கிறது.

ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

இதற்குப் பெரிய படிவம் எதுவும் வேண்டாம். பழைய நோட்டு ஒன்று போதும். சேட்டைக்கு முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதற்குப் பின்னால் என்ன கிடைத்தது, இந்த மூன்றை மட்டும் எழுத வேண்டும். சிறப்புக் கல்வியில் இதை ஏ-பி-சி குறிப்பு என்பார்கள், பெயர் முக்கியமில்லை. திட்டும் வார்த்தை எதையும் எழுதாதீர்கள். "திமிராக நடந்துகொண்டான்" என்று எழுதினால் அது உங்கள் கோபம்தான், குறிப்பு ஆகாது. "கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். ஒரு டீச்சரின் நோட்டு இப்படி இருக்கலாம்.

திங்கள், இரண்டாவது பீரியட், தமிழ். வரிசையாக ஆளுக்கு ஒரு பத்தி படிக்கிறார்கள். இவனுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர். பென்சிலைக் கீழே போட்டான், எடுக்கக் குனிந்தவன் முன்பெஞ்சுக்காரன் காலை இழுத்தான், சண்டை. வெளியே போய் நிற்கச் சொன்னேன்.

திங்கள், நாலாவது பீரியட், கணக்கு. மனக்கணக்கு. தொந்தரவு இல்லை. கை தூக்கினான், விடையும் சரி.

செவ்வாய், தமிழ். நான் கதையை வாசித்துக் காட்டினேன். தொந்தரவு இல்லை. முடிவு எப்படி இருக்கும் என்று முதலில் சொன்னது இவன்தான்.

புதன், சமூக அறிவியல். பாடத்தைப் படித்துக் கேள்விக்குப் பதில் எழுதச் சொன்னேன். "மிஸ், ஒண்ணுக்கு." போனவன் பீரியட் முடிந்து மணி அடிக்கும்போதுதான் வந்தான்.

வியாழன், விளையாட்டு பீரியட். தொந்தரவு இல்லை, சின்னப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்ததே இவன்தான்.

இதைப் படித்த பிறகும் அடங்காதவன் என்று சொல்ல முடியுமா? கதை கேட்டால் புரிகிறது, கணக்கு வருகிறது, பொறுப்பு கொடுத்தால் செய்கிறான், அச்சடித்த எழுத்தைப் படிக்க வேண்டி வரும்போது மட்டும் எங்கேயாவது ஓடிவிடுகிறான். அதிலும் திங்கட்கிழமைக் குறிப்பின் கடைசி வரியைப் பாருங்கள். வெளியே நிறுத்தியது தண்டனை என்று டீச்சர் நினைக்கிறார், பையனுக்கோ அது கேட்டு வாங்கிய விடுதலை. அடுத்த திங்கட்கிழமையும் பென்சில் கீழே விழும், நிச்சயம்.

தப்பிப்பது ஒரு காரணம். கவனம் கிடைப்பது இன்னொன்று. வீட்டில் யாருக்கும் பேச நேரமில்லாத பிள்ளைக்கு, டீச்சர் பெயரைச் சொல்லி அதட்டுவதுகூட யாரோ நம்மைப் பார்த்துவிட்டார்கள் என்ற திருப்தியைத் தரும். சில பிள்ளைகள் ஏதோ ஒரு பொருளுக்காக, ஒரு இடத்துக்காக அடம் பிடிக்கும். இன்னும் சில பிள்ளைகளுக்கு உடம்பே கேட்கும், ஆடிக்கொண்டிருந்தால்தான், காதைப் பொத்திக்கொண்டால்தான் நிம்மதி. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இதை அதிகம் பார்க்கலாம், மணி சத்தமும் சாப்பாட்டு வரிசைக் கூச்சலும் அவர்களுக்குத் தாங்காது. ஒரே செய்கை, உதாரணமாக பெஞ்சைத் தட்டுவது, இந்த நாலில் எதுவாகவும் இருக்கலாம். அதனால்தான் "பெஞ்சைத் தட்டினால் என்ன செய்வது" என்ற கேள்விக்கு யாராலும் ஒரே பதில் சொல்ல முடியாது.

கவனத்துக்காகச் செய்கிறான் என்று தெரிந்தால், செய்யும்போது கண்டுகொள்ளாமல் விட்டு, ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் போய்ப் பேச வேண்டும். கேட்க எளிது, செய்யும்போதுதான் பொறுமை போகும். ஏனென்றால் கண்டுகொள்ளாமல் விட ஆரம்பித்த முதல் சில நாட்களில் சேட்டை கூடும், குறையாது. இதுவரை வேலை செய்த வித்தை திடீரென்று வேலை செய்யாவிட்டால் யாராக இருந்தாலும் இன்னும் சத்தமாகத்தானே செய்து பார்ப்பார்கள். அந்த இடத்தில் நாம் தாங்க மாட்டாமல் கத்திவிட்டால், இவ்வளவு சத்தம் போட்டால்தான் டீச்சர் திரும்புவார் என்ற புதுப் பாடத்தை நாமே நடத்திவிட்டோம் என்று அர்த்தம். பிள்ளை தன்னையோ மற்றவரையோ அடிக்கும்போது மட்டும் இந்தக் கண்டுகொள்ளாத வித்தை கூடாது, உடனே போய் நிறுத்த வேண்டும்.

பாராட்டும் அப்படித்தான். "குட் பாய்" என்றால் எதற்கு என்று அவனுக்கே தெரியாது. "கேள்வி முழுசா கேட்டு முடிச்ச பிறகு கை தூக்கின பாரு, அது நல்லா இருந்துச்சு" என்றால் தெரியும்.

அடி? 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது, முட்டி போட வைப்பதும் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவதும் இதில் வரும். "ரெண்டு போடுங்க சார், கண்ணை மட்டும் விட்டுட்டு உரிங்க" என்று நம் ஊர் அப்பாக்கள் இன்றைக்கும் கேட் வாசலில் நின்று அனுமதி கொடுத்துவிட்டுப் போகிறார்கள், அந்த அனுமதி செல்லாது. சட்டத்தை விடுங்கள், எழுத்துக்கூட்டத் தெரியாதவனை அடித்தால் எழுத்துக்கூட்ட வந்துவிடாது.

முதலில் கண், காது, வயிறு, வீட்டு மொழி

டிஸ்லெக்ஸியா (படிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) என்ற வார்த்தை இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, அது நல்லதுதான். ஆனால் அதற்குப் போகும் முன்னால் தாண்ட வேண்டிய படிகள் நாலைந்து இருக்கின்றன, அவை மலிவான படிகள், பெரும்பாலும் அங்கேயே விஷயம் முடிந்துவிடும்.

கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். போர்டைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதுகிறவன், கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறவன், மத்தியானம் ஆனால் தலைவலி என்கிறவள், இவர்களைப் பின் பெஞ்சில் உட்கார வைத்து ஒரு கண்ணை மூடச் சொல்லி போர்டில் இருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள், அப்புறம் மறு கண். இது பரிசோதனை ஆகாது, யாரை அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி, அவ்வளவுதான். எழுத்தே இன்னும் வராத பிள்ளையிடம் படம் வரைந்து காட்டிக் கேளுங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் அந்தப் பெயர்களைக் கொடுக்கலாம், வேலூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆரணி ரோட்டில் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. கண்ணாடி வந்த பிறகு பெண் பிள்ளைகள் அதைப் பையிலேயே வைத்திருப்பார்கள், கேலிக்குப் பயந்து. போட்டிருக்கிறாளா என்று பார்ப்பதும் டீச்சர் வேலைதான்.

காது இன்னும் ஏமாற்றும். சளி பிடித்துச் சீழ் வடியும் காது உள்ள பிள்ளைக்குச் சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. "வேணும்னா கேட்குது, வேணாம்னா செவிடு மாதிரி நடிக்குது" என்று வீட்டிலேயே சொல்வார்கள். நீங்கள் போர்டைப் பார்த்தபடி பேசும்போது தொலைந்துபோய், முகத்தைப் பார்த்துப் பேசும்போது சரியாகப் பதில் சொல்லும் பிள்ளையை உடனே காது டாக்டரிடம் அனுப்புங்கள். கேட்கும் பக்கத்துக் காது உங்களை நோக்கி இருக்கும்படி முன்பெஞ்சில் இடம் மாற்றுவதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை.

வயிறு. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனி பஸ் விடிந்ததும் விடியாததுமாக வந்துவிடும், அம்மா அதில் ஏறிப் போயிருப்பார். 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தால் ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வழி பிறந்தது. ஆறாம் வகுப்புக்குப் போனவன் டீயும் பொறையுமாக வந்து உட்கார்ந்திருப்பான். பதினொன்றரை மணிக்கு அவன் எரிந்து விழுந்தால் அதற்கு மனநல மருத்துவர் எதற்கு? ரத்த சோகையும் அப்படியே, சோர்வு, தூக்கம், கவனமின்மை எல்லாம் சேர்ந்து பார்ப்பதற்குச் சோம்பேறித்தனம் போலவே இருக்கும், வளரும் பெண் பிள்ளைகளிடம் மிக அதிகம். பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை வாயில் போட்டார்களா, ஜன்னல் வழியாக வீசினார்களா என்று பாருங்கள்.

இன்னொன்று உண்டு, அதிகம் பேர் கவனிப்பதில்லை. பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளை திடீரென்று சில விநாடி வெறித்துப் பார்க்கும், இமை துடிக்கும், கூப்பிட்டால் கேட்காது, அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி விட்ட இடத்தில் தொடரும். பகல் கனவு என்று திட்டுவோம். ஒரு நாளில் பல தடவை இப்படி நடந்தால் அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். கை கால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்று இல்லை. மருந்தில் நன்றாகக் கட்டுப்படும், ஆனால் டாக்டரிடம் போனால்தான்.

அப்புறம் மொழி. பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் உருது பேசும் வீடுகள், குடியாத்தம், காட்பாடி பக்கம் தெலுங்கு பேசும் வீடுகள், ராணிப்பேட்டை தொழிற்பேட்டையைச் சுற்றி வடக்கிலிருந்து வந்த தொழிலாளர் பிள்ளைகள். தமிழ்ப் பாடத்தில் வாயே திறக்காத சிறுமியிடம் ஒரு படத்தைக் காட்டி, உருது தெரிந்த இன்னொரு பிள்ளையை விட்டு அவள் மொழியிலேயே கேட்கச் சொல்லுங்கள். மடமடவென்று முழுக்கதையும் சொன்னால் அவள் வாய் திறக்காததற்குக் காரணம் பெரும்பாலும் தமிழ் இன்னும் போதாததுதான். இரண்டு மொழியிலும் தடுமாறினால் அப்போது யோசிக்க வேண்டும். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் பெற்றோரோடு போய், சில மாதம் கழித்துத் திரும்பி வரும் பிள்ளையின் கதையும் இப்படித்தான், அவனுக்குப் படிப்பு வராமல் இல்லை, பாடமே நடக்கவில்லை.

தமிழில் எங்கே தடுக்கும்

இதையெல்லாம் தாண்டியும் ஒரு பிள்ளைக்குப் படிப்பு வரவில்லை என்றால்? பேச்சு, புரிதல், வேலை எல்லாவற்றிலும் வயதுக்குக் கீழே இருந்தால் அது அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடாக இருக்கலாம். பேச்சில் கெட்டிக்காரன், விளையாட்டில் கெட்டிக்காரன், படிப்பதிலோ எழுதுவதிலோ கணக்கிலோ மட்டும் மாட்டிக்கொள்கிறான் என்றால் அது குறிப்பிட்ட கற்றல் குறைபாடு. படிப்பதில் வருவது டிஸ்லெக்ஸியா, எழுத்தில் டிஸ்கிராஃபியா, கணக்கில் டிஸ்கால்குலியா. டிஸ்லெக்ஸியா கண் கோளாறும் கிடையாது, மந்த புத்தியும் கிடையாது. எழுத்தையும் ஒலியையும் சட்டென்று இணைக்கும் வேலையில் உள்ள தடங்கல், பெரும்பாலும் குடும்பத்தில் வரும். "அவன் நைனா மாதிரியே சார், அவருக்கும் படிப்பு ஏறல" என்று அம்மா சொன்னால் அதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், அது தகவல்.

இது பற்றிப் படிக்கக் கிடைப்பதெல்லாம் ஆங்கிலத்தில் பி-யும் டி-யும் குழம்புவதைப் பற்றியே இருக்கும். தமிழில் அது வேறு மாதிரி வெளிப்படும். நம் கொம்பு பெரிய சோதனை. "கே" என்று சொல்லும்போது முதலில் வருவது க் ஒலி, எழுதும்போது முதலில் வருவது இரட்டைக் கொம்பு. "கோ" என்றால் முன்னால் ஒன்று, பின்னால் துணைக்கால், நடுவில் எழுத்து. காது ஒரு வரிசையில் கேட்கிறது, கை இன்னொரு வரிசையில் எழுத வேண்டும். அடுத்தது புள்ளி, "பட்டம்" என்பதைப் "படம்" என்று எழுதுவது, படிப்பது. ஒரே க கடலில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி, பகலில் ஒரு மாதிரி ஒலிக்கிறது. ன-ண-ந, ல-ள-ழ, ர-ற குழப்பத்தை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள், அந்தக் குழப்பம் இல்லாத பெரியவர்களே குறைவு. குறில் நெடில் தவறும் முதல் இரண்டு வகுப்புகளில் சகஜம். எண்களைத் திருப்பி எழுதுவதும் ஆறேழு வயது வரை சகஜம்தான்.

சந்தேகப்பட வேண்டியது இந்த மாதிரிப் பிள்ளையை. போர்டில் இருப்பதை அச்சு மாதிரி பார்த்து எழுதுவான், எழுதியதைப் படி என்றால் முழிப்பான். முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு ஊகிப்பான், "மரம்" என்று இருந்தால் "மனிதன்" என்பான், பக்கத்தில் படம் இருந்தால் சரியாகச் சொல்வான். நேற்று படித்த சொல் இன்று புதுச்சொல். பாடத்தை மனப்பாடமாக ஒப்பிப்பான், விரல் மட்டும் வேறு வரியில் ஊர்ந்துகொண்டிருக்கும். நல்லபடியாகச் சொல்லிக் கொடுத்தும் மாதக்கணக்கில் இது மாறவில்லை என்றால் பரிசோதனைக்கு அனுப்பலாம். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு அளவில்தான் உறுதியாகச் சொல்ல முடியும், ஆனால் உதவி செய்ய எட்டு வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை. சான்றிதழ் வந்தாலும் வராவிட்டாலும் வகுப்பில் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

அது என்னவென்றால், ஊகிக்க விடாமல், ஒலி ஒலியாக, ஒரு வரிசையில், நிறைய தடவை. முதலில் காதால். "பால்" என்றால் ப், ஆ, ல் என்று வாயால் பிரித்துச் சொல்ல, கை தட்டிப் பிரிக்கப் பழக்குங்கள், எழுத்தே வேண்டாம். அப்புறம் துணைக்கால் குடும்பம் மட்டும், கா, பா, மா, அதில் வரும் சொற்கள் மட்டும். அது கையில் பழகிய பிறகு அடுத்த குடும்பம், கொம்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டே ஒலியைச் சொல்லச் சொல்லுங்கள். படிக்கும் வரிக்குக் கீழே ஒரு ஸ்கேலோ அட்டையோ வைத்தால் வரி தாவாது. எல்லார் முன்னாலும் திடீரென்று எழுப்பிப் படிக்கச் சொல்வதை இந்தப் பிள்ளைகளுக்கு நிறுத்துங்கள். நாளைக்குப் படிக்க வேண்டிய நாலு வரியை இன்றைக்கே காட்டி, "இது உன் பங்கு, வீட்டில் அக்காவோட படிச்சுட்டு வா" என்று சொல்லி அனுப்பினால், அந்தத் திங்கட்கிழமைப் பையனின் பென்சில் கீழே விழ வேண்டிய அவசியமே இருக்காது.

2022-இல் நம் அரசுப் பள்ளிகளில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, வயதுக்கு ஏற்ற பாடம் என்பதைவிட பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். அதன் பதிவேடுகளைப் பற்றி டீச்சர்களிடம் கேட்டால் ஒரு மணி நேரம் புலம்புவார்கள், நியாயம்தான், ஆனால் அந்த யோசனை சரியானது. ஆறாம் வகுப்பில் இரண்டாம் வகுப்பு நிலையில் இருக்கும் பையனுக்கும் அதையே செய்ய வேண்டும். ஒரு ஜாக்கிரதை, இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை அப்படியே கையில் கொடுத்துவிடாதீர்கள், மீசை முளைக்கிற வயதில் அது அவமானம். கிரிக்கெட் பற்றியோ மாடு பற்றியோ எளிய சொற்களில் நாலு வரி நீங்களே எழுதிக் கொடுங்கள்.

கணக்கில் ஒரு சின்ன விஷயம். எண்பதுக்கு அப்புறம் தொண்ணூறு வருகிறது, எண்ணூறுக்கு அப்புறம் தொள்ளாயிரம். காதுக்கு ஒன்று நூறு மாதிரியும் இன்னொன்று ஆயிரம் மாதிரியும் கேட்கிறது. "தொண்ணூற்று மூன்று" என்றால் பிள்ளை மூன்று இலக்கம் எழுதினால் அதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. தீக்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஒன்பது கட்டும் மூன்று குச்சியும் மேசையில் வைத்துக் காட்டினால் புரியும். குடியாத்தத்தில் தீக்குச்சிக்கா பஞ்சம்.

உட்கார முடியாதவர்களும் சத்தமே போடாதவர்களும்

நிஜமாகவே உட்கார முடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். இரண்டு நாள் துள்ளியதை வைத்து அந்தப் பெயரை ஒட்ட முடியாது. பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், பள்ளி, வீடு என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும், அவன் வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். உங்கள் பீரியடில் மட்டும் ஆடுகிறான், மற்ற எங்கேயும் இல்லை என்றால் உங்கள் பாடத்தைப் பாருங்கள். தை, மாசி மாதங்களில் எருது விடும் விழா சுற்று வட்டார ஊர்களில் ஒன்று மாற்றி ஒன்றாக வரும்போது பார்த்தால் நம் வகுப்பில் பாதிப் பேருக்கு ஏ.டி.எச்.டி. என்றுதான் தோன்றும், எந்த மாடு எத்தனை விநாடியில் ஓடியது என்று ஒரு விநாடி பிசகாமல் சொல்வார்கள், வாய்ப்பாடு மட்டும் நிற்காது. அதற்கு மருந்து கிடையாது. ஏப்ரல் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கடைசி பீரியடும் இதே கணக்குதான், முடிந்தால் கணக்குப் பாடத்தைக் காலையில் போட்டுவிடுங்கள்.

உண்மையிலேயே அந்தச் சிக்கல் உள்ள பிள்ளைக்குச் சொல்வதை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். "நோட்டை எடு, தேதி போடு, பக்கம் முப்பத்தாறு, மூணாவது கணக்கு" என்று மூச்சு விடாமல் சொன்னால் அவனிடம் நோட்டு மட்டும்தான் மிஞ்சும். பத்துக் கணக்கை ஒரே தாளில் கொடுப்பதற்குப் பதில் மூன்று மூன்றாகக் கொடுத்து, ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்து காட்டச் சொல்லுங்கள், நடக்க நியாயமான ஒரு காரணம் கிடைக்கும். போர்டு துடைப்பது, சாக்பீஸ் வாங்கி வருவது எல்லாம் அவனுக்கே. ஜன்னல் ஓரம் வேண்டாம். துள்ளாமல் வெறுமனே கனவில் இருக்கும் பெண் பிள்ளைக்கும் இதே சிக்கல் இருக்கலாம், யாருக்கும் தொந்தரவு தராததால் பல வருடம் யார் கண்ணிலும் படாமலே போய்விடுவாள்.

தொந்தரவு தராத பிள்ளைதான் என்னைக் கேட்டால் அதிகம் கவலைப்பட வேண்டிய பிள்ளை. வீட்டில் வாயாடி, பள்ளியில் மாதக்கணக்காக ஒரு சொல்லும் பேசாதவள் திமிர் பிடித்தவள் கிடையாது, அது ஒரு வகைப் பதற்றம், கட்டாயப்படுத்திப் பேச வைத்தால் இன்னும் இறுகும். தலையாட்டலையும் எழுத்தையும் பதிலாக ஏற்றுக்கொண்டு, ஒரே ஒரு தோழியிடம் காதில் சொல்வதிலிருந்து மெதுவாகத் தொடங்க வேண்டும். அதைவிட முக்கியம், நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மாறுவது. மார்க் சரிவது, யாரும் தொட்டால் துள்ளுவது, வீட்டுக்குப் போக மறுப்பது, ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் ஒளிவது. வீட்டில் சாவு, குடி, அப்பா பெங்களூரு வேலைக்குப் போனவர் திரும்பாதது என்று எதுவாகவும் இருக்கலாம். பாலியல் கொடுமையாகவும் இருக்கலாம். அப்படித் தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி போலீசுக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிப்பது கட்டாயம், பள்ளிக்குள்ளேயே பேசி முடிப்பதற்கு இடமில்லை. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். பிள்ளையிடம் துருவித் துருவிக் கேட்காதீர்கள், சொன்னதை நம்புங்கள், சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள்.

வீட்டாரிடம் பேசுவதும், எங்கே அனுப்புவதும்

நோட்டு இருக்கிறதல்லவா, அதை அம்மாவிடம் காட்டுங்கள். ஆனால் செவ்வாய்க்கிழமைக் குறிப்பிலிருந்து தொடங்குங்கள். "கம்ப்ளெயின்ட் சொல்லக் கூப்பிடலம்மா. கதையோட முடிவை மொத்த கிளாஸ்ல இவன்தான் சொன்னான். படிக்கச் சொன்னா மட்டும் பயப்படுறான், வீட்ல எப்படி?" என்றால் அவர் தோளைத் தளர்த்திக்கொண்டு பேசுவார். பீடி சுற்றும் வீடென்றால் வாரக் கணக்கு முடித்து இலையும் தூளும் வாங்கும் நாளில் கூப்பிட்டால் வர மாட்டார், கம்பெனிக்குப் போகிறவரை ராத்திரி ஏழு மணிக்கு மேல் போனில்தான் பிடிக்க முடியும். வராத பெற்றோரை அக்கறை இல்லாதவர் என்று எழுதிவிடுவது சுலபம், ஒரு நாள் கூலி போகும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். உங்கள் வாயால் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். "எனக்கு இப்படித் தெரியுது, தெரிஞ்சவங்க பார்த்தா நல்லது" போதும்.

அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், தலைமையாசிரியர் வழியாகப் பிள்ளையின் பெயரைக் கொடுத்து வரச் சொல்லலாம். 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்ததிலிருந்து அலுவலகங்களும் தனித்தனி, உங்கள் ஒன்றியம் எதில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவப் பக்கம், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. பாகாயம் என்ற பெயரைக் கேட்டதும் வீட்டார் மிரள்வார்கள், நம் ஊரில் அந்தப் பெயருக்கு அப்படி ஒரு பேச்சு உண்டு. பைத்தியத்துக்குக் காட்டப் போகவில்லை, படிப்பில் எங்கே தடுக்கிறது என்று பார்க்கப் போகிறோம் என்பதை அப்பா, பாட்டி எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டியிருக்கும். போகும்போது உங்கள் நோட்டையும் பிள்ளையின் பழைய நோட்டுகளையும் கொடுத்தனுப்புங்கள், டாக்டருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் இருக்கின்றன. உரிய மருத்துவச் சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைக் கேட்கலாம். விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகத்தான் போக வேண்டும், ஹால் டிக்கெட் வரும் நேரத்தில் ஓடினால் நடக்காது, ஒன்பதாம் வகுப்பிலேயே காகிதங்களைத் தயார் செய்ய ஆரம்பித்துவிடுங்கள். "சர்டிபிகேட் வாங்கினா பின்னாடி பொண்ணு யார் கொடுப்பாங்க" என்று தயங்கும் வீடுகளில், சலுகை கேட்டதை மதிப்பெண் சான்றிதழைப் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கேள்வியும் கூடவே வரும், அதை மழுப்பாமல் உட்கார்ந்து பேசுங்கள், முடிவை அவர்களும் பிள்ளையும் எடுக்கட்டும்.